பொன்னாடை யாருக்கு?

போன வாரம் லீலாவதியைப் பீரோவுக்கு முன்னால் கையில் சாவியோடு நிற்கவைத்துவிட்டு வந்தோம். பாவம், இன்னும் அங்கேதான் நிற்கிறாள். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறது. கணவர் அழகர்சாமி துண்டைக் கட்டிக்கொண்டு வெளியே வருவதற்குள் அவள் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும்.

பெற்ற மகள் ஆடுவதைப் போய்ப் பார்க்க ஒரு தாய்க்கு என்ன முடிவு வேண்டிக்கிடக்கிறது என்று வெளியாட்கள் கேட்கலாம். மூன்று வாரத்துக்கு முன்னால் அந்த வீட்டு ஹாலில் நடந்ததைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

கவிப்ரியா பரதநாட்டியம் படித்த பெண். டெல்லி ஆர்.கே.புரம் தமிழ் மன்றத்து மேடையில்தான் அவளுக்கு அரங்கேற்றம் நடந்தது. மன்றச் செயலாளர் அழகர்சாமி அன்றைக்கு வாசலில் நின்று, வந்தவர்களுக்கெல்லாம் தன் கையாலேயே சந்தனம் கொடுத்தார். கல்லூரி முடித்ததும் அவள் பாலே என்கிற மேல்நாட்டு நடனத்தின் பக்கம் சாய்ந்தாள். அதிலும் ராஜகுமாரி, இளவரசன் என்று கதை எதுவும் இல்லாத இந்தக் காலத்துப் பாலே. ஒரு குழுவில் சேர்ந்தாள். அதுவரைக்கும்கூட அவர் முணுமுணுப்போடு நிறுத்திக்கொண்டார்.

பிறகு, ஒத்திகையில் எடுத்த ஒரு துண்டு வீடியோ மன்றத்து வாட்ஸப் குழுவில் வந்து விழுந்தது. ஒரு பையன் கவிப்ரியாவைத் தலைக்கு மேலே தூக்கிச் சுழற்றுகிறான். வீடியோவில் இருந்தது அவ்வளவுதான். குழுவில் யாரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. அழகர்சாமியால் அந்த மௌனத்தைத்தான் தாங்க முடியவில்லை.

"இந்த ஆட்டம் ஆடுறதா இருந்தா என் வீட்டுல ஒனக்கு எடமில்ல" என்றார்.

தகப்பனுக்குத் தப்பாத மகள். அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு மோதி பாகில் இருக்கும் தோழி ஜ்யோத்ஸ்னாவின் வீட்டுக்குப் போய்விட்டாள். அண்ணன் சுரேஷ்குமார் டிவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. லீலாவதி சமையலறை வாசலில் நின்றாள். அவளும் வாயைத் திறக்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 'என் வீடு' என்று அழகர்சாமி முழங்கினாரே, அந்தக் கிட்வாய் நகர் சர்க்கார் குவார்ட்டர்ஸ் அவர் பெயரில் இல்லை. போன வருஷம் அவர் ஓய்வு பெற்றதும் அது லீலாவதியின் பெயருக்கு மாறிவிட்டது. அமைச்சகத்தில் அவளுக்கு இன்னும் சர்வீஸ் பாக்கி இருக்கிறது. வாசலில் 'ஆ. அழகர்சாமி' என்ற பித்தளைப் பெயர்ப்பலகை மட்டும் அப்படியே தொங்குகிறது. கோபத்தில் அவருக்கு அது மறந்துபோனது. இதைவிடக் கொடுமை, வேலைக்குப் போகும் அவளுக்கும் அன்றைக்கு அது ஞாபகம் வரவில்லை.

கவிப்ரியா நேற்று அம்மாவின் போனுக்கு இரண்டு டிக்கெட் அனுப்பியிருந்தாள். 'உனக்கும் அப்பாவுக்கும்' என்று மட்டும் எழுதியிருந்தாள். நிகழ்ச்சி இன்று மாலை ஆறரை மணிக்கு. இன்றுதான் மன்றத்தின் ஆண்டு விழாவும்.

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. லீலாவதி பீரோவைத் திறந்தாள்.

சிறப்பு விருந்தினருக்கான பொன்னாடை மேல் தட்டில் இருந்தது. வழக்கமாகப் போர்த்துகிற மினுமினுப்புச் சரக்கு இல்லை, மயில்கழுத்து நிறத்தில் அசல் பட்டு. போன லீவில் மதுரைக்குப் போனபோது அழகர்சாமி சொன்னார் என்று அவள்தான் தன் சம்பளத்தில் வாங்கிவந்தாள். மன்றத்து விழாக்களில் பொன்னாடைத் தட்டை ஏந்தி நிற்பது எப்போதும் அவள்தான். எடுத்துப் போர்த்துவது மட்டும் ஆண்கள். கல்யாணமாகி டெல்லிக்கு வந்ததிலிருந்து எத்தனையோ தட்டு ஏந்தியிருக்கிறாள். ஒருவர் தோளிலாவது ஒரு பொன்னாடையை அவள் போர்த்தியதில்லை.

அதை எடுத்துத் தன் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். திருடுகிற மாதிரி இருந்தது. ஆனாலும் நல்லாயிருந்தது.

அழகர்சாமி தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். "லீலா, விழாப் பை ரெடியா?"

"சுரேசு கார்ல வச்சுட்டான்."

விழாப் பை என்பது ஒரு பெரிய ரெக்ஸின் பை. குத்துவிளக்கு, திரி, எண்ணெய், பன்னீர்ச் செம்பு, சந்தனக் கிண்ணம், பொன்னாடை எல்லாம் அதற்குள்தான் போகும். அடுக்குவது லீலாவதி. அதைத் திறந்து பார்க்கும் வழக்கம் அழகர்சாமிக்கு என்றைக்கும் இருந்ததில்லை. அவள் அடுக்கினால் சரியாக இருக்கும் என்ற நம்பிக்கை.

"பட்டுச் சேலையெல்லாம் கட்டி முன்கூட்டியே கெளம்பிட்ட. பரவாயில்லையே."

"நான் மன்றத்துக்கு வரலைங்க."

துவட்டிய கை நின்றது. அவர் முதலில் கேட்டது என்ன தெரியுமா? "அப்ப குத்துவிளக்கு?"

"திரி போட்டாச்சு. எண்ணெய் தனியா பாட்டில்ல இருக்கு. தீப்பெட்டி சைடு பாக்கெட்டுல. யாரு உரசுனாலும் பத்திக்கும்."

"எங்கிட்டுப் போற?"

"மண்டி ஹவுஸ். எம் மக ஆடுறா. பாக்கப் போறேன்."

அழகர்சாமியின் முகம் சிவந்தது. "போ. ஊரே உக்காந்து பாக்க எவனோ ஒருத்தன் ஒம் மகளைத் தூக்கிக்கிட்டுத் திரிவான். கண்குளிரப் பாத்துட்டு வா."

"பாத்துட்டு வந்து சொல்றேன்" என்றாள் லீலாவதி. "ஒங்களுக்கும் சேத்துத்தான் டிக்கெட்டு அனுப்பிருக்கா. மனசு மாறுனா வாங்க."

பதிலுக்குக் காத்திருக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டாள். லிப்டுக்குள் ஏறினாள். கண்ணாடியில் முகத்தைப் பார்த்து, பொட்டைச் சரிசெய்துகொண்டாள்.

ஐ.என்.ஏ.வில் மெட்ரோ ஏறினாள். சென்ட்ரல் செக்ரடேரியட்டில் தினமும் ஆபீசுக்குப் போகிற வாசலை விட்டுவிட்டு, மண்டி ஹவுஸ் போகிற வயலட் லைன் பக்கம் திரும்பினாள். ஞாயிற்றுக்கிழமை அந்த ஸ்டேஷனில் காலடி வைப்பது இதுதான் முதல்தடவை. ஃபைல் கட்டு இல்லாமல் கை லேசாக இருந்தது.

அரங்கத்தில் அவளுக்குப் பழகிய எதுவும் இல்லை. வாசலில் சந்தனம் இல்லை, கல்கண்டு இல்லை. முன்வரிசையில் பெரிய மனிதர்களுக்கான சோபா இல்லை. ஒரு பெண் டார்ச் அடித்து இருக்கையைக் காட்டிவிட்டுப் போனாள். பக்கத்து இருக்கை காலி. அழகர்சாமியின் இருக்கை அது. லீலாவதி கைப்பையை அதில் வைக்கப் போய், என்னவோ தோன்ற மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

சரியாக ஆறரைக்கு விளக்கை அணைத்தார்கள். குத்துவிளக்கு ஏற்றவில்லை. வரவேற்புரை இல்லை, தலைமையுரை இல்லை, 'நான் அதிக நேரம் எடுத்துக்கொள்ளப் போவதில்லை' என்று ஆரம்பித்து முக்கால் மணிநேரம் பேசுகிறவர் இல்லை. திரை உயர்ந்தது, ஆடத் தொடங்கிவிட்டார்கள். இப்படியும் ஒரு விழா நடத்தலாமா என்று லீலாவதி அசந்துபோனாள். எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் மிச்சமாகியிருக்கும்!

முதல் உருப்படியில் சாம்பல் நிறச் சட்டை போட்ட ஒரு கூட்டம் ஓடியது, நின்றது, மோதிக்கொள்ளாமல் விலகியது. இசை என்றால் இயந்திரம் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம். யார் ராமன், யார் ராவணன் என்று அவள் கொஞ்சநேரம் தேடினாள். பிறகு அந்தக் கூட்டத்தில் ஒரு பெண் எல்லோரும் போகிற பக்கம் போகாமல் திரும்பி நின்றாள். சென்ட்ரல் செக்ரடேரியட்டில் ரயில் மாறுகிற கூட்டம் மாதிரி எல்லோரும் அவளை இடித்துக்கொண்டு போனார்கள். அட, இது தினமும் காலையில் நான் படுகிற பாடுதானே என்று லீலாவதிக்குப் புரிந்துவிட்டது. அதன்பிறகு கதை தேடுவதை விட்டாள்.

இரண்டாவதில் ஒருத்தி நுனிவிரலில் நின்றாள். நின்றாள் என்றால், மூச்சுவிடாமல் நின்றாள். அவள் இறங்குகிற வரைக்கும் செருப்புக்குள் லீலாவதியின் கால்விரல்கள் சுருண்டே இருந்தன. பிளாஸ்திரி ஒட்டிய கவிப்ரியாவின் விரல்கள் ஞாபகத்துக்கு வந்தன. ராத்திரி வெந்நீரில் உப்புப் போட்டு அந்தக் கால்களை நனைத்துவிட்டவள் லீலாவதிதான். அப்பா பார்க்காமல் கதவைச் சாத்திக்கொண்டு நனைத்துவிட்டாள். சாத்தியிருக்கக் கூடாது என்று இப்போது தோன்றியது.

இடைவேளையில் போன் அதிர்ந்தது. சுரேஷ்குமார்.

"அம்மா, பாஹர் ஆஓ. நான் கேட்ல நிக்கிறேன்."

வெளியே வந்தாள். பையன் வேட்டி சட்டையில், நெற்றியில் மன்றத்துச் சந்தனத்தோடு நின்றான். ஜீன்ஸ் கூட்டத்துக்கு நடுவில் அவன் தனியாகத் தெரிந்தான்.

"அப்பா கூட்டிட்டு வரச் சொன்னாரு. ஜல்தி, அம்மா. சீஃப் கெஸ்ட் வந்துட்டாரு. எல்லாரும் ஆன்ட்டி எங்கே, ஆன்ட்டி எங்கேன்னு கேக்கறாங்க. அப்பாவுக்கு ரொம்ப எம்பாரஸ்மென்ட்."

"எனக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்லிருப்பாரே?"

"ஹாங், அதான் சொன்னாரு."

"நல்லாத்தான் இருக்கேன். அதைப் போய்ச் சொல்லு."

"அம்மா, ப்ளீஸ்…"

லீலாவதி மகனை ஏற இறங்கப் பார்த்தாள். வங்கியில் அதிகாரி. ஆளும் வளர்ந்தவன். அப்பா குரலை உயர்த்தினால் இன்னும் டிவிப் பக்கம் திரும்புகிறவன்.

"சுரேசு, அன்னிக்கு நீ டிவி பாத்துக்கிட்டிருந்த. நான் கதவோரமா நின்னுக்கிட்டிருந்தேன். ஒங்கப்பா மட்டும் அவளை அனுப்பல. நாமளும் சேந்துதான் அனுப்புனோம்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அப்பா சீட்டு சும்மா கெடக்கு. வா, உக்காரு. அவ ஆட்டம் இன்னும் வரல. முடிஞ்சதும் எங்க வேணாலும் கூட்டிட்டுப் போ."

"அப்பா போன் பண்ணுவாரு."

"உள்ள போனை ஆஃப் பண்ணணும். அது இங்க ரூல்" என்றாள் லீலாவதி. விதி என்றால் மீறத் தெரியாத பையன். பேசாமல் பின்னாலேயே வந்தான்.

மூன்றாவது உருப்படி. வெள்ளை வெளிச்சத்தில் கவிப்ரியா தனியாக நின்றாள். மூன்று வாரத்தில் இளைத்திருந்தாள். லீலாவதிக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. புடவைத் தலைப்பால் அவசரமாகத் துடைத்துக்கொண்டாள், ஒரு நொடிகூட விட்டுவிடக் கூடாது.

அந்தப் பையன் வந்தான். நிகழ்ச்சி அட்டையில் அவன் பெயர் நிகில் என்று போட்டிருந்தது. வந்தவன் விழுந்தான். எழுந்தான், மறுபடி விழுந்தான். விழுகிற ஒவ்வொரு தடவையும் கவிப்ரியா ஓடிப்போய், தரையைத் தொடுவதற்குள் அவனைத் தாங்கினாள். ஒருதடவை தோளால், ஒருதடவை முழங்காலால். கடைசியில் அவளுக்கே நிற்கத் தெம்பில்லாமல் தள்ளாடினாள். அப்போது அவன் அவளைத் தலைக்கு மேலே தூக்கினான், சுழன்றான்.

பக்கத்தில் சுரேஷ்குமார் விறைத்து உட்கார்ந்தான். வாட்ஸப்பில் வந்த அதே இடம்.

லீலாவதி மகனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "பாரு. முழுசாப் பாரு."

நிகில் அவளை இறக்கிவிட்டு மறுபடி சரிந்தான். இந்தத் தடவை எழவில்லை. கவிப்ரியா அவனை முதுகில் ஏற்றிக்கொண்டாள். ஒல்லிக்குச்சிப் பெண், தன்னைவிட ஓரடி உயரமான ஆணைச் சுமந்துகொண்டு, மேடையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் நுனிவிரலில் நடந்தாள். இதை ஏன் யாரும் மன்றத்துக் குழுவில் போடவில்லை? வெட்டிப் போட்டவனின் கையிலிருந்து கத்தரிக்கோலைப் பிடுங்க வேண்டும்போல லீலாவதிக்கு ஆத்திரமாக வந்தது.

கவிப்ரியா அவனை இறக்கிவைத்துவிட்டு மேடையின் நடுவுக்கு வந்தாள். இசை நின்றது. உட்கார்ந்து சாட்டின் செருப்புகளின் நாடாவை அவிழ்த்து, ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்தாள். எழுந்தாள். வெறுங்காலோடு அரைமண்டியில் உட்கார்ந்து, தட்டினாள்.

தை யா தை. மன்றத்து மேடையில் சின்ன வயதில் தட்டிய அதே அடவு. சலங்கை இல்லை, ஜதி சொல்ல ஆள் இல்லை. அவ்வளவு பெரிய அரங்கத்தில் பாதம் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஒவ்வொரு தட்டுக்கும், நான் இங்கேதான் இருக்கிறேன், எங்கேயும் போகமாட்டேன் என்று அவள் சொல்கிற மாதிரி இருந்தது. லீலாவதியின் கை தானாகத் தொடையில் தாளம் போட்டது.

"சபாஷ்!"

அரங்கம் முழுக்கக் கேட்டது. முன்னால் இருந்த ஒருவர் திரும்பி 'ஷ்ஷ்' என்றார். கச்சேரியில் நல்ல இடம் வந்தால் வாய்விட்டுச் சொல்வதுதான் அவளுக்குத் தெரியும். இங்கே மூச்சுவிடக்கூடக் கேட்டுக்கொண்டுதான் விட வேண்டும்போலிருக்கிறது.

"க்யா ஷ்ஷ்? மேரீ பேட்டீ ஹை" என்றாள் அந்த மனிதரிடம், என் மகளாக்கும் என்கிற மிடுக்கோடு.

மேடையில் கவிப்ரியாவின் கால் தாளம் தப்பவில்லை. ஆனால் முகத்தில் ஒரு வெளிச்சம் ஓடியதை லீலாவதி பார்த்துவிட்டாள்.

ஆட்டம் முடிந்தது. மூன்று உருப்படிகளிலும் ஆடியவர்கள் எல்லோரும் வரிசையாக வந்து கைகோத்துக் குனிந்தார்கள். கைதட்டல் நிற்கவில்லை. லீலாவதி எழுந்தாள். சுரேஷ்குமார் வீட்டுக்குப் போகத்தான் எழுகிறாள் என்று நினைத்து வழிவிட்டான். அவள் கதவுப் பக்கம் போகாமல் மேடைப் பக்கம் நடந்தாள். நடந்தபடியே கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள்.

ஒருவர் நல்லதாக ஒன்றைச் செய்தால் மேடையேறிப் பொன்னாடை போர்த்துவதுதான் முறை. லீலாவதிக்குத் தெரிந்த உலகத்தில் அதற்கு மறுபேச்சு கிடையாது. பாலே அரங்கத்தில் பார்வையாளர் யாரும் மேடைக்கு ஏறுவதில்லை என்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் ஏறியிருப்பாள்.

படிக்கட்டருகே டார்ச்சுக்காரப் பெண்ணும் ஒரு காவலாளியும் மறித்தார்கள். "மேடம், ஆப் ஊபர் நஹீ ஜா சக்தீ."

பின்னாலிருந்து சுரேஷ்குமாரின் குரல் வந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்திருந்தான். "பையா, மா ஹை உஸ்கீ. ஜானே தோ." அவளுடைய அம்மா, விடுங்கள் என்றதும் காவலாளி தயங்கினார். சுரேஷ்குமார் இன்னும் கொஞ்சம் சத்தத்தைக் கூட்டினான். "மேரீ பஹன் ஹை வோ. ஜானே தோ!" அவள் என் தங்கை, விடு என்ற அந்தக் குரல் மூன்று வாரம் தாமதமாக வந்தது. வந்ததே என்று வைத்துக்கொள்வோம்.

காவலாளி விலகினார். லீலாவதி மேடை ஏறினாள்.

விளக்கின் சூடு முகத்தில் அடித்தது. கவிப்ரியா அம்மாவைப் பார்த்தாள், அம்மாவின் கையில் விரிந்த பட்டைப் பார்த்தாள். எப்படி விரிப்பது, எந்தப் பக்கம் சரிகை வெளியே வர வேண்டும் என்றெல்லாம் லீலாவதி இத்தனை வருஷம் தட்டை ஏந்திக்கொண்டு பார்த்திருக்கிறாள். கை ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை.

"அம்மா, எனக்கு ஃபுல்லா வேர்த்திருக்கு. சில்க் கறையாயிடும்."

"ஆகட்டும்."

கவிப்ரியா தலையைக் குனிந்தாள். லீலாவதி போர்த்தினாள். அரங்கத்தில் பாதிப் பேருக்கு என்ன நடக்கிறது என்று தெரியாது. தெரியாமலேயே எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். 'ஷ்ஷ்' சொன்ன மனிதரும் தட்டினார்.

பக்கத்தில் நின்ற நிகில், இது வரிசையாக எல்லோருக்கும் உண்டு என்று நினைத்துவிட்டான்போல. அவனும் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். லீலாவதி கையில் இன்னொன்று இல்லை. அவன் தலையில் கைவைத்து, தனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னாள்: "பேட்டா, அச்சா பக்டா. கிர்னே நஹீ தியா."

பிள்ளையைக் கீழே விடாமல் பிடித்தாய், நல்லா இரு. அவ்வளவுதான் அவள் சொல்ல வேண்டியிருந்தது. அவன் சட்டென்று குனிந்து காலைத் தொட்டான்.

வெளியே, கவிப்ரியாவோடு காருக்குப் பக்கத்தில் நின்றபோதுதான் சுரேஷ்குமாரும் லீலாவதியும் போனை ஆன் பண்ணினார்கள். உடனே அவனுடையது அதிர்ந்து குதித்தது. படங்களைப் பார்த்தவன் வாயைப் பொத்திக்கொண்டான்.

"ஹே பகவான். அம்மா, ராஜசேகரன் அங்கிள் குரூப்ல போட்டோ போட்டிருக்காரு. சீஃப் கெஸ்ட் கழுத்தை நீட்டிட்டு நிக்கிறாரு. அப்பா பையைக் கவுத்துத் தேடறாரு. அடுத்த போட்டோல அப்பா தன்னோட அங்கவஸ்திரத்தை எடுத்து அவருக்குப் போட்டிருக்காரு."

கவிப்ரியா தோளில் இருந்த பட்டைத் தொட்டுப் பார்த்தாள். "அம்மா! இது அதுவா?"

லீலாவதி பதில் சொல்வதற்குள் அவள் போன் அடித்தது. அழகர்சாமி. பிள்ளைகள் இருவரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். அவள் ஸ்பீக்கரில் போட்டாள். இனிமேல் கதவைச் சாத்திக்கொண்டு எதுவும் செய்வதாக இல்லை.

"லீலா, பொன்னாடை எங்க?" குரல் உடைந்திருந்தது. "சபையில என் மானம் போச்சு. எங்க வச்ச?"

"போர்த்த வேண்டியவங்களுக்குப் போர்த்தியாச்சுங்க."

அவர் அடுத்த கேள்வி கேட்பதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"ஆட்டத்தைப் பாத்துட்டு வந்து சொல்றேன்னேன்ல, சொல்றேன். அந்தப் பையன் இவளைத் தூக்குனது நெசம்தான். அதுக்கு முன்னாடி இவ அவனைத் தாங்குறா, பின்னாடி முதுகுல சொமக்குறா. ஒங்களுக்கு வந்தது நடுத்துண்டு மட்டும். முழுசாப் பாத்திருந்தா நீங்கதான் எனக்கு முன்னால மேடையேறிருப்பீங்க. இப்ப அவளை வீட்டுக்குக் கூட்டிட்டு வாறேன்."

"அவ அந்த வீட்டுல கால வச்சா நான் அங்க இருக்க மாட்டேன்."

மூன்று வாரத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது சொன்னாள். அவள் குரலை உயர்த்தவில்லை.

"வீடு எம் பேருல இருக்குங்க. நீங்களும் மறந்துட்டீங்க, நானும் மறந்துட்டேன். யாரு இருக்கணும்னு நான் சொல்லணும். நீங்க இருக்கணும், அவளும் இருக்கணும். இல்ல, போயே தீருவேன்னா, சாவியை எதுத்த வீட்டுல குடுத்துட்டுப் போங்க. எங்கிட்ட இருக்கிற சாவி பூட்டுல சரியாத் திரும்பல."

அழகர்சாமி போனை வைத்துவிட்டார்.

சுரேஷ்குமார் காரை எடுத்தான். இந்தியா கேட் தாண்டியதும் கவிப்ரியா சொன்னாள்: "நான் உன் பின்னாடி ஒளிஞ்சு வரமாட்டேன், அம்மா. அப்பா ஏதாவது சொன்னா நானும் திருப்பிச் சொல்வேன்."

"ஒளியச் சொல்லல. நீ முன்னாடி போ" என்றாள் லீலாவதி. சொல்லிவிட்டாளே தவிர, உள்ளுக்குள் பயம்தான். அழகர்சாமி நல்லவர்தான். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. சொன்னதைச் செய்துவிடுகிற மனிதர் என்பதால்தான் இவ்வளவு பயமும்.

லிப்டை விட்டு இறங்கியதும் சுரேஷ்குமார்தான் முதலில் பார்த்தான். கதவில் பித்தளைப் பெயர்ப்பலகை இல்லை. அது இருந்த இடத்தில் வெளுத்த சதுரமும் இரண்டு ஸ்குரூ ஓட்டைகளும் மட்டும் தெரிந்தன. பூட்டு தொங்கியது.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. குஞ்சம்மாள் மாமி சாவியோடு நின்றாள்.

"இப்பத்தான் கொழந்தே, உங்காத்துக்காரர் குடுத்துட்டுப் போனார். கையில பெட்டி. என்ன, ஊருக்கா? கேட்டா ஒண்ணும் சொல்லலே. கண்ணெல்லாம் செவந்து கெடந்தது." மாமியின் பார்வை கவிப்ரியாவின் தோளுக்குப் போனது. "அடடா, என்ன அழகா இருக்குடி! யார் போர்த்தினா?"

"அம்மா" என்றாள் கவிப்ரியா. வாசலைவிட்டு ஓரடி பின்வாங்கினாள். "அம்மா, நான் ஜ்யோத்ஸ்னா வீட்டுக்கே போயிடறேன். என்னாலதானே…"

"நில்லுடி."

லீலாவதி சாவியை வாங்கினாள். அவர் உள்ளங்கைச் சூடு இன்னும் அதில் இருக்கிற மாதிரி தோன்றியது. அழுகை வந்தது, வந்த இடத்திலேயே நிறுத்தினாள். பூட்டைத் திறந்து, கதவை அகலமாகத் தள்ளினாள்.

"உள்ள போ. பொன்னாடையைக் கழட்டாத."

கவிப்ரியா வாசலைத் தாண்டினாள். லீலாவதி அந்த இரண்டு ஓட்டைகளையும் விரலால் தடவிப் பார்த்தாள்.

"சுரேசு, நாளைக்கு ஆபீஸ் போற வழியில பேருப் பலகைக்குச் சொல்லிட்டுப் போ."

"இப்பப் போய் அதுவா, அம்மா? அப்பா எங்க போனாருன்னே தெரியல."

"எங்க போனாலும் திரும்பி வர்றப்ப வாசல்ல அவரு பேரு இருக்கணும்ல. நம்ம நாலு பேரோட பேரும் கொள்ற மாதிரி பெருசா எழுதச் சொல்லு" என்றாள். பிறகு உள்ளே காலெடுத்து வைத்துக்கொண்டே சொன்னாள்: "முதல்ல என் பேரு."